குளிரூர்க் குப்பை

நகராட்சிக் கூட்டத்தில் அறிக்கை நிறைவேறிய மறுநாள் காலையிலிருந்து, அந்த ஊரின் குப்பைத் தொட்டிகளில் வேறோர் ஊரின் குப்பை கிடக்க ஆரம்பித்தது. போட்டது என்னவோ அவரவர் வீட்டுக் குப்பைதான்: காய்கறித் தோல், டீத்தூள், மீன் செதில், ஊசிப்போன மிச்சம், வாசலில் கூட்டி அள்ளிய ஈர இலை. மூடியை மூடிவிட்டு மறுபடி திறந்தால் அவை இருக்காது. அதற்குப் பதில் அட்டைப்பெட்டி, நேற்றைய தேதியிட்ட வெளியூர்ச் செய்தித்தாள், பிஸ்கட் டப்பா, கிழிந்த கம்பளித் தொப்பி, எல்லாம் மொறுமொறுவென்று காய்ந்து, ஈர வாடை துளியும் இல்லாமல் கிடக்கும். முதல் நாள் மக்கள் பக்கத்து வீட்டுக்காரர்களைத் திட்டினார்கள். இரண்டாம் நாள் அதற்கும் பக்கத்து வீட்டுக்காரர்களைத் திட்டினார்கள். அப்புறம் திட்டுவதற்கு ஆள் மிச்சமில்லாததால் சும்மா இருந்தார்கள். நகராட்சியில் புகார் கொடுக்கப் போனவர்களிடம் குமாஸ்தா, தொட்டியில் குப்பை இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றார்கள். அப்படியானால் தொட்டி சரியாகத்தான் வேலை செய்கிறது என்று அனுப்பிவிட்டார்.

காரணம் ஆலோசகர்தான். அவர் நாற்பதைத் தொடும் வயதுள்ள பெண்மணி. குப்பையை என்ன செய்வது என்று நகராட்சிகளுக்கு யோசனை சொல்லிப் பிழைக்கும் கம்பெனி ஒன்றில் வேலை. தன் வீட்டுக் குப்பையைத் தானே திரும்பிப் பார்க்கக் கூசுகிற மனிதர்கள் இருக்கும்வரை அந்தத் தொழிலுக்கு அழிவில்லை. இந்த ஊர் நகராட்சிக்குக் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்க ஆசை வந்திருந்தது. எரிக்க முடியுமா என்று சொல்வது ஆலோசகரின் பொறுப்பு. அதற்கொரு முறை உண்டு. லாரியில் வரும் குப்பையைத் தார்ப்பாயில் கூம்பாகக் குவித்து, நாலாகப் பிரித்து, எதிரெதிரே இருக்கும் இரண்டு பங்கைத் தள்ளிவிட்டு, மிச்சத்தை மறுபடி குவித்து, மறுபடி பிரித்து, கடைசியில் கைக்கு அடங்கும் குப்பையை வகை வகையாக எடை போடவேண்டும். காகிதம் எவ்வளவு, பிளாஸ்டிக் எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று அதில்தான் தெரியும். ஆலோசகர் இதில் கைதேர்ந்தவர். வேறு யாரையும் தொடவிட மாட்டார்.

ஆனால் அந்தத் தார்ப்பாயை விரித்திருக்கவேண்டிய வாரத்தில் அவர் குளிரூரில் ஒரு கோர்ட் வாசலில் உட்கார்ந்திருந்தார். குளிரூர் என்பது இந்த ஊர்க்காரர்கள் பிற்பாடு வைத்த பெயர். மலைமேல், காய்ந்த காற்றும் நீண்ட பனிக்காலமும் உள்ள தூரத்து ஊர் அது. ஆலோசகர் கல்யாணமாகி வாழ்ந்ததும், மகளைப் பெற்றதும், பிறகு கணவரோடு ஒத்துவராமல் பிரிந்ததும் அங்கேதான். மகளுக்குப் பன்னிரண்டு முடிந்திருந்தது. யாரோடு இருக்கிறாய் என்று நீதிபதி கேட்டபோது, அவள் யோசிக்கக்கூட இல்லாமல், "அப்பாகூட. அம்மா எப்பவும் ஏதாவது ஒரு ஊர்க் குப்பைமேட்டுலதான் இருப்பாங்க" என்று சொன்னாள். அதில் பொய் எதுவும் இல்லாததுதான் கொடுமை. ஆலோசகர் திரும்பி வந்தபோது அறிக்கைக்குக் கெடு நெருங்கியிருந்தது, விடாத மழை வேறு. முன்பு குளிரூர் நகராட்சிக்கு அவரே எழுதிய அறிக்கை கம்ப்யூட்டரில் இருந்தது. அதிலிருந்த அட்டவணையை அப்படியே எடுத்தார், ஊர்ப்பெயரை மட்டும் மாற்றினார், கையெழுத்துப் போட்டார். மழையில் ஊறிக்கிடந்த ஒரு ஊருக்கு, அதன் குப்பையில் ஈரமே இல்லை என்று சான்று கிடைத்தது. 'பனிக்காலத்தில் குப்பை சேகரிப்பு தாமதமாகலாம்' என்ற ஒரு வரியைக்கூட அவர் எடுக்க மறந்துவிட்டார். கூட்டத்தில் அதை யாரும் கவனிக்கவில்லை. அந்த வருஷம் குப்பைமேட்டின்மீது மட்டும் சில நாள் பனி பெய்தது. லாரிகள் தாமதமாயின.

ஊர் பழகிக்கொண்டது. எந்த வீட்டுத் தொட்டிக்கு எந்த வீட்டுக் குப்பை என்பது மாறவே இல்லை என்பதைச் சீக்கிரமே கண்டுகொண்டார்கள். வீட்டுக்கு வீடு குளிரூரில் ஒரு ஜோடி இருந்தது. முகம் தெரியாத அந்தக் குடும்பங்களோடு ஒருவித உறவு உண்டாயிற்று. எங்கள் வீட்டில் புதுசாக டிவி வாங்கியிருக்கிறார்கள் என்று அட்டைப்பெட்டியைப் பார்த்துச் சொல்வார்கள். எங்கள் வீட்டில் சண்டை போலிருக்கிறது, தட்டு உடைந்து கிடக்கிறது என்பார்கள். மூடியைத் திறப்பதற்கு முன் லேசாக இருமிவிட்டுத் திறக்கும் வழக்கம் அப்போதுதான் வந்தது. அடுத்தவர் அறைக்குள் சொல்லாமல் நுழைவது மரியாதையில்லையே. சில வீடுகளில் தொட்டியை அடுக்களையிலிருந்து கூடத்துக்குக் கொண்டுவந்து வைத்தார்கள். சிலர் அதற்கு முதுகைக் காட்டி உட்காரக் கூசினார்கள்.

ஆலோசகர் குடியிருந்த மாடிக்குக் கீழே ஒரு தையற்காரரும் அவர் மனைவியும் இருந்தார்கள். அவர்கள் தொட்டிக்குக் குளிரூரில் தனியாக வாழும் கிழவர் ஒருவரின் குப்பை வந்தது. ஒரு ஆள் சாப்பாட்டு டப்பா, பல்செட் கழுவும் பொடி, தைல பாட்டில். ஒரு நாள் காலை மூடியைத் திறந்தால் மூக்குக் கண்ணாடி, கைத்தடி, பல்செட், பாதி தீர்ந்த தைலம், கறுப்புக் கோட்டு எல்லாம் ஒரே சமயத்தில் மேலே பிதுங்கிக்கொண்டு நின்றன. தையற்காரரின் மனைவி வாயைப் பொத்திக்கொண்டார். பெரியவர் போய்ச் சேர்ந்துவிட்டார் என்று யாரும் வந்து சொல்லவேண்டியிருக்கவில்லை. அந்த வாரம் அவர்கள் வீட்டில் ரேடியோ பாடவில்லை. கோட்டைத் தூக்கிப்போட மனம் வராமல் தையற்காரர் போட்டுப் பார்த்தார். ஒரு தையல்கூடப் பிரிக்காமல் அளவெடுத்துத் தைத்ததுபோல அவருக்குப் பொருந்தியது. அன்றிலிருந்து அவர் இருமும்போது வேறு யாரோ இருமுவதுபோல இருந்தது. "இது உங்க இருமலே இல்லைங்க. கோட்டக் கழட்டுங்க" என்று மனைவி கெஞ்சிப் பார்த்தார். கழற்றியபிறகும் அந்த இருமல் போகவில்லை. நாளடைவில் அந்த அம்மாள் அதற்கும் சேர்த்துக் கஷாயம் போட்டுக் கொடுக்கத் தொடங்கினார்.

ஆலோசகரின் தொட்டிக்கு வந்தது அவர் விட்டுவந்த வீட்டின் குப்பை. தற்செயல் என்று சொல்பவர்கள் உண்டு. கையெழுத்துப் போட்டவருக்கு அறிக்கை இவ்வளவுகூடச் செய்யாதா என்று கேட்பவர்களும் உண்டு. முதலில் கிடந்தது அவருக்கு நன்றாகத் தெரிந்த சவர பிளேடு உறை. அதற்கடியில் பென்சில் சீவல். அவர் தரையில் உட்கார்ந்து அந்தச் சீவலைச் சுருள் சுருளாகப் பிரித்து வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். மகள் அவருடைய போனை எடுப்பதில்லை. மகளின் அப்பா, அவள் விருப்பப்பட்டால் பேசுவாள் என்று மட்டும் சொல்வார். பேசாத மகளின் நாட்கள் இப்போது தினமும் காலையில் வந்து சேர்ந்தன. கணக்குப் பரீட்சைத் தாள் நாலாகக் கிழிபட்டு வந்தது. நீளப் பின்னல் ஒன்று ரப்பர் பேண்டோடு வெட்டுப்பட்டு வந்தது. பிறந்த நாளுக்கு இவர் அனுப்பிய பார்சல், ஒட்டிய டேப்புகூடப் பிரிக்கப்படாமல் வந்தது. அதைப் பார்த்த அன்று அவர் வேலைக்குப் போகவில்லை. இன்னொரு நாள் செய்தித்தாளில் இறுக்கிச் சுற்றிய சின்னப் பொட்டலம் ஒன்று கிடந்தது. பிரித்துப் பார்த்தவர் அப்படியே சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். மகள் பெரிய மனுஷியாகிவிட்டாள். அதை இப்படிச் சுற்றவேண்டும் என்று அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியாது, தான் சொல்லவில்லை என்பதுதான் அவருக்குத் தெரியும்.

இதற்கிடையில் ஆலை எழும்பியது. ஊர் அதைப் பெரிய அடுப்பு என்று கூப்பிட்டது. காய்ந்த குப்பையைக் கண்டதும் அது அடங்காமல் எரிந்தது, தெருவிளக்குகள் பளிச்சென்று ஆயின. நகராட்சி ஆணையர் பூரித்துப்போனார். கம்பெனி வழக்கப்படி ஆலோசகர் மறுபடி தார்ப்பாய் விரித்து, குவித்து, பிரித்து, எடை போட்டபோது முடிவு அறிக்கையோடு அச்சாகப் பொருந்தியது. "உங்க அட்டவணை கடுகளவுகூடப் பிசகலைம்மா" என்று ஆணையர் எல்லோர் முன்னாலும் பாராட்டினார். ஆலோசகர் தலையைக் குனிந்துகொண்டார். ஊர்க்காரர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள்.

தங்கள் குப்பை எங்கே போகிறது என்று இத்தனை மாதமாக யாரும் கேட்கவில்லை. கண்ணுக்குத் தெரியாமல் போன குப்பையைத் தேடிப் போன ஊர் எங்கே இருக்கிறது? ஆலோசகராவது கேட்டிருக்கலாம். கேட்டால் வரப்போகும் பதில் அவருக்குத் தெரிந்தே இருந்தது, அதனால்தான் கேட்கவில்லை. பனிக்காலம் போய் மலையில் வெயில் ஏறிய மாதம், அவர் தொட்டியில் ஒரு காய்ச்சல் மாத்திரை அட்டை கிடந்தது. மறுநாள் இரண்டு. பிறகு மருந்து பாட்டில், குளுகோஸ் பாக்கெட், பஞ்சு, ஊசி உறை. பென்சில் சீவல் நின்றுபோயிற்று. மகளின் பெயரும் வயதும் எழுதிய ஆஸ்பத்திரிக் கைப்பட்டை, கத்தரியால் நறுக்கப்பட்டு வந்த காலையில், அவர் மகளின் அப்பாவுக்கு போன் செய்தார்.

"அவளுக்கு என்ன?"

"உனக்கு யார் சொன்னது?"

"யாரோ சொன்னாங்க. என்னன்னு சொல்லு."

"காய்ச்சல். ஆஸ்பத்திரியிலேர்ந்து கூட்டிட்டு வந்தேன், மறுபடியும் ஏறிடுச்சு, திரும்பச் சேர்க்கணும்" என்றார். பிறகு, "இங்க ஊரே நாறிக்கிடக்கு. யார் வீட்டுக் குப்பையோ, சொதசொதன்னு, எங்க தொட்டியில வந்து ரொம்புது. குளிர்ல உறைஞ்சு கிடந்தவரைக்கும் தெரியல. இப்ப எல்லாம் இளகி, புழு, ஈ, கொசு. லாரி வாரத்துக்கு ஒரு தடவைதான் வருது. நீதான் குப்பைக்குப் படிச்சவளாச்சே, இதுக்கு என்ன பண்ணணும்னு சொல்லேன்" என்று கேட்டார்.

வாரத்துக்கு ஒரு லாரி போதும் என்று குளிரூர் நகராட்சிக்கு யோசனை சொன்னவரும் ஆலோசகர்தான். காய்ந்த குப்பைக்கு அது சரியான யோசனை.

அன்றிலிருந்து அவர் தன் தொட்டியில் எதுவும் போடவில்லை. தன் வீட்டு டீத்தூள் ஒரு கரண்டிகூட மகளின் அடுக்களைக்குப் போய்ச் சேரக்கூடாது. எல்லாவற்றையும் பையில் போட்டு முடிச்சிட்டு, படுக்கும் அறையிலேயே அடுக்கினார். அறை நாறியது, எறும்பு வந்தது, அவர் அதன் நடுவிலேயே படுத்து எழுந்தார். ஆனால் அவர் ஒருத்தர் நிறுத்தி ஆவதென்ன, ஊரே போட்டுக்கொண்டிருந்தது. ஊர் முழுவதையும் நிறுத்த ஒரே வழிதான். அட்டவணையைத் திருத்தவேண்டும். திருத்தினால் மகளின் குப்பை இங்கே வருவது நின்றுபோகும். அவள் அழுதாளா, சிரித்தாளா, முடி வெட்டினாளா, பரீட்சையில் தேறினாளா, எதுவும் இனித் தெரியாது. பெற்றவளுக்கு மகளிடமிருந்து வந்துகொண்டிருந்த ஒரே தகவல் அதுதான். அவர் ஒரு பகல் முழுக்கத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்தார். சாயங்காலம் எழுந்து தராசைத் துடைத்தார்.

திருத்துவது அவ்வளவு எளிதாக இல்லை. லாரியில் ஏறிய குப்பையை எத்தனை முறை நாலாகப் பிரித்தாலும் பழைய அட்டவணைதான் வந்தது. பொய் அவ்வளவு உறுதியாக நிலைத்துவிட்டிருந்தது. ஆகவே தொட்டியில் விழுவதற்கு முன்பே குப்பையைப் பிடிக்கவேண்டியிருந்தது. ஆலோசகர் தராசைத் தூக்கிக்கொண்டு தெருத் தெருவாக, வீடு வீடாகப் போய் அடுக்களை வாசலில் நின்றார். தோலைச் சீவியவர்கள் தட்டோடு கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தார்கள். நெளிந்தபடி கொடுத்தார்கள். "தொட்டியில போட்டா குப்பை. கையில குடுத்தா என்னமோ வீட்டுச் சாமான குடுக்கிற மாதிரி இருக்கும்மா" என்றார் தையற்காரரின் மனைவி. ஈரம் கையில் வழிந்தது. இந்த ஊரின் குப்பை எப்படி இருக்கும் என்று ஆலோசகர் அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்.

அறிக்கையில் கையெழுத்திட்டவரே தன் தவறைத் திருத்தித் தாள் கொடுத்தால் அதற்கு ஓட்டெடுப்பு தேவையில்லை, கூட்டத்தில் வாசித்தால் போதும் என்று விதி இருந்தது. ஆணையர் அந்தத் தாளைப் படித்துவிட்டு மேஜைமேல் வைத்தார். வைத்த கையை அதன்மேலிருந்து எடுக்கவில்லை.

"நல்லா எரியுற அடுப்புல எதுக்கும்மா தண்ணி ஊத்துறீங்க? உங்க வேலை போயிடும். என் பேரும் கெடும்."

"அது நம்ம குப்பை இல்ல சார்."

"எது நம்ம குப்பை, எது அவங்க குப்பைன்னு நெருப்புக்குத் தெரியவா போகுது?"

"அங்க என் பொண்ணு இருக்கா சார். காய்ச்சல்ல கிடக்கா."

ஆணையர் வீட்டுத் தொட்டிக்கும் குளிரூரில் ஒரு ஜோடி இருந்தது. அங்கே ஒரு கைக்குழந்தை. சில நாட்களாக அந்த வீட்டிலிருந்தும் மருந்து பாட்டில்தான் வந்துகொண்டிருந்தது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. மேஜையிலிருந்து கையை எடுத்து, "வாசிங்க" என்றார்.

நாளைக்குத் திருத்தம் வாசிக்கப்படும் என்று தெரிந்ததும், அன்று சாயங்காலம் ஊரே தொட்டிகளைக் கழுவியது. துடைத்துக் காயவைத்துவிட்டு ஆளுக்கொரு பொருளை உள்ளே வைத்து மூடினார்கள். கைவைக்காத சோப்பு, புதுத் துண்டு, ஊறுகாய் பாட்டில், பொம்மை. தையற்காரர், கிழவர் போன வீட்டில் இனி யார் இருக்கிறார்கள் என்று தெரியாவிட்டாலும், எந்த ஆளுக்கும் சேரும்படி தொளதொளவென்று ஒரு சட்டை தைத்து வைத்தார். மூடிகள் மூடும் சத்தம் மட்டும் வீடு வீடாகக் கேட்டது. ஆலோசகர் எதுவும் வைக்கவில்லை. என்ன வைத்தாலும் பிரிக்கப்படாமல் கிடக்கும் என்று நினைத்தார்.

மறுநாள் கூட்டத்தில் அவர் எண்களை ஒவ்வொன்றாக வாசித்தார். பழைய அட்டவணை குளிரூருடையது என்றும், தான் இந்த ஊரில் ஒரு நாள்கூடத் தார்ப்பாய் விரிக்காமல் எடுத்தெழுதியது என்றும் உரக்கச் சொன்னார். மிச்சம் இருந்தது கடைசிக் கட்டம் ஒன்றுதான். எந்த வகையிலும் சேராதவை என்ற அந்தக் கட்டத்தில் பழைய எண்ணையே விட்டுவிட்டால், ஒரு நாளைக்கு ஒரு பென்சில் சீவலாவது வரும். யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள். அவர் அதையும் திருத்தியே வாசித்தார். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்தபோது தொட்டி வெறுமையாக இருந்தது. அறையில் அடுக்கியிருந்த பைகளைக் கொண்டுவந்து கொட்டி, மூடி, திறந்தார். அவருடைய குப்பை அப்படியே கிடந்தது.

பெரிய அடுப்பு ஈரக் குப்பையைத் தின்னமுடியாமல் சில வாரம் புகைந்தது, பிறகு அணைந்தது. ஆணையர் அதைச் சுற்றியிருந்த நிலத்தில் உரக்குழி வெட்டினார். ஈரக் குப்பைக்கு அதுதான் வழி என்று ஆலோசகர் திருத்தத்தின் அடியில் எழுதியிருந்தார். அந்த யோசனைக்கு அவர் கட்டணம் வாங்கவில்லை, வாங்கவும் முடியாது, அதற்குள் கம்பெனி அவரை அனுப்பிவிட்டிருந்தது. தெருவிளக்குகள் பழைய மங்கலுக்குத் திரும்பின. ஊருக்கு அவர்மேல் கோபம் இல்லை. ஆனால் மக்கள் குப்பை போட்டபிறகும் சிறிது நேரம் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சொந்தக் குப்பையைப் பார்க்க அவர்களுக்குச் சலிப்பாக இருந்தது.

அதற்கெல்லாம் முன்பு, கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் மத்தியானம் ஆலோசகர் துணிகளைப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. எடுத்தார்.

"நீ உயிரோடதான இருக்க?" என்று மகள் கேட்டாள்.

"ஏண்டி அப்படிக் கேக்கற? உனக்குக் காய்ச்சல் விட்டுடுச்சா?"

"விட்டுடுச்சு. ஆஸ்பத்திரியிலேர்ந்து வந்து பார்த்தா தொட்டி காலியா இருந்துச்சு. ஊர்ல எல்லார் தொட்டியும் ரொம்பி வழிஞ்சுது, நம்ம தொட்டி மட்டும் காலி. அப்பாகிட்ட கேட்டா, எப்பவோ நின்னுபோச்சுன்னார். உனக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு நினைச்சேன்."

ஆலோசகர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். "அது நான்தான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"ரப்பர் கையுறைய ஒண்ணுக்குள்ள ஒண்ணு திருப்பிச் சுருட்டிப் போடுறது வேற யாரு? மொத நாளே தெரியும். தினமும் பார்ப்பேன்" என்றாள். பிறகு கேட்டாள்: "ஏம்மா நீ ராத்திரில வெறும் ரொட்டி மட்டும் சாப்பிடற? தலைவலி மாத்திரை எதுக்கு அத்தனை போடற? நீ அழுதா மூக்கைத் துடைச்சுப் போடுற காகிதத்தை எல்லாம் நான்தான் எடுத்து அப்பாவுக்குத் தெரியாம லாரியில போட்டேன்."

இருவரும் கொஞ்ச நேரம் அழுதார்கள். எந்தத் தொட்டியிலும் அது விழவில்லை. ஆலோசகர் அந்த ஊரைவிட்டுப் போய் வேறு ஊரில் வேறு வேலை பார்த்தார். மகள் வளர்ந்து, படித்து, வேலைக்குப் போய், தனக்கென்று ஒரு வீடும் பார்த்துக்கொண்டாள். இத்தனை வருஷத்தில் அவர்கள் போனில் பேசாத நாள் குறைவு. பெரிதாக ஒன்றும் பேசிக்கொள்வதில்லை. இன்றைக்கு என்னம்மா தூக்கிப்போட்ட என்று மகள் கேட்பாள். ஆலோசகர் வெங்காயத் தோல், டீத்தூள், தேய்ந்த செருப்பு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிவிட்டு, நீ என்ன போட்ட என்று கேட்பார்.